ஒரு மணி நேரத் தொலைவில்

'புறநகர்' என்னும் சொல்லை நாம் தயக்கமின்றி வழங்கி வருகிறோம். நகரம் முதலில் தோன்றியது போலவும், அது நிரம்பி வழிந்தபோது சிந்தியவையே சுற்றியுள்ள ஊர்கள் என்பது போலவும் ஓர் எண்ணத்தை அச்சொல் நம்முள் விதைத்துவிடுகிறது. சென்னைக்குத் தெற்கே, சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்து, பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் என்று இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர்களைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது.

கிழக்கிந்தியக் கும்பெனியார் கடற்கரை மணலில் கோட்டை கட்ட இடம் பெற்றது 1639ஆம் ஆண்டில். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, 1523இல், போர்த்துக்கீசியர் புனித தோமையார் மலைமீது ஆலயம் எழுப்பிவிட்டனர். நாம் இன்றும் வணங்கிவரும் கற்சிலுவை 1547இல் அங்குக் கண்டெடுக்கப்பட்டது. திருத்தூதர் அம்மலையில் உயிர்நீத்தார் என்னும் மரபோ அதனினும் பன்மடங்கு பழையது. அண்டையிலுள்ள திருநீர்மலை திருமங்கையாழ்வாரின் பாடல் பெற்ற தலம். பல்லாவரத்துக் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோவில் இன்று இசுலாமியப் பெருமக்களின் தர்காவாக விளங்குகிறது. அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட் சரளைக் குழியொன்றிலிருந்து கற்கருவி ஒன்றை எடுத்தார். இந்திய மண்ணில் பழைய கற்கால மாந்தர் வாழ்ந்தனர் என்பதற்கு முதற்சான்றாக அது அமைந்தது. ஆக, வயதைக் கொண்டு உறவுமுறை வைப்பதாயின், இவ்வூர்களைச் சென்னையின் பிள்ளைகள் என்பதைவிடப் பாட்டிமார் என்பதே பொருத்தம்.

நகருக்கும் இவ்வூர்களுக்கும் நடுவே நெடுங்காலம் ஓர் ஆறு கிடந்தது. மலைக்குச் செல்லும் அடியார்கள் அடையாற்றைக் கடப்பதற்குப் பட்ட தொல்லையை நீக்கியவர் பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். 1726இல் தம் சொந்தப் பொருளில் அவர் சைதாப்பேட்டையில் பாலம் அமைத்தார். மலையுச்சிக்கு ஏறும் படிகளைக் கட்டுவித்தவரும் அவரே. மர்மலாங் பாலம் என்று ஆங்கிலேயர் அதனை அழைத்தனர். மாம்பலம் என்னும் பெயர் அவர்கள் நாவில் பட்ட பாடு அது. பாலமும் படியும் ஒருவர் கொடையாகவே வந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது. வழிபாட்டுக்குச் செல்வோருக்காகப் போட்ட அந்தப் பாதையில்தான் பின்னர் படையும் வாணிகமும் நடந்தன.

படை முதலில் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பெனியின் பீரங்கிப் படையினர் மலையடிவாரத்தில் தங்கினர். ஓய்வுபெற்ற சிப்பாய்களும் அவர்தம் குடும்பங்களும் பல்லாவரத்தில் நிலைகொண்டனர். 'வெட்டரன் லைன்ஸ்' என்னும் தெருப்பெயர் அவர்களை இன்றும் நினைவூட்டுகிறது. 1802இல் வில்லியம் லாம்ப்டன் மலையடிவாரத்துச் சமவெளியில் சங்கிலி இழுத்து ஏழரை மைல் நீளத்தை ஐம்பத்தேழு நாள் அளந்தார். இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களாக அளந்து முடித்த பெருமுயற்சிக்கு அதுவே அடிக்கோடு. நெருக்கமான நகரத்தில் அத்தகைய வெட்டவெளியை அவர் எங்கே தேடியிருப்பார்?

இந்த வெட்டவெளியே இவ்வூர்களின் முதற்செல்வம். நகரத்தில் கிடைக்காத ஒன்றை, நகரத்தை விட்டுவிடாமலே பெறும் வாய்ப்பு இங்கு இருந்தது. இதனை உணர்ந்து பயன்கொண்டவர்களுள் நாம் முதலில் நினைக்க வேண்டியவர் ஒரு தமிழாசிரியர். 1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த வேதாசலம் என்பார் 1911இல் அப்பணியினின்று நீங்கிப் பல்லாவரத்தில் குடியேறினார். நகரச் சந்தடி இல்லாத அவ்வூரில் தோட்டத்தோடு கூடிய இல்லம் அமைத்து, ஆயிரக்கணக்கான நூல்களைச் சேர்த்து, படிப்பதையும் எழுதுவதையும் தம் வாழ்வாக்கிக்கொண்டார். ஒருநாள் தோட்டத்தில் மகள் நீலாம்பிகையுடன் உலவுகையில் வள்ளலாரின் பாடலொன்றைப் பற்றிப் பேச்செழுந்தது. அதில் வரும் 'தேகம்' என்னும் வடசொல்லுக்கு மாற்றாக 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் நின்றிருந்தால் எத்துணை இனிமை என்று தந்தை வியந்தார். அப்படியாயின் நாம் ஏன் இனித் தூய தமிழே வழங்கலாகாது என்று மகள் கேட்டார். 1916இல் தனித்தமிழ் இயக்கம் பிறந்த வரலாறாகச் சொல்லப்படுவது இதுவே. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். நீலாம்பிகை தனித்தமிழ் நூல்கள் எழுதினார்.

அவர் சைவப் பெரியார். நாமோ வேறு நெறியினர். ஆயினும், 'பூசை' என்பது 'திருப்பலி' ஆகவும், 'அப்போஸ்தலர்' என்பவர் 'திருத்தூதர்' ஆகவும் நம் வழிபாட்டில் மாறியதன் பின்னே, பல்லாவரத்துத் தோட்டமொன்றில் தந்தையும் மகளும் பேசிக்கொண்டதன் எதிரொலி இல்லையென்று யார் சொல்லக்கூடும்? அப்பேச்சு நகரத்தின் நெரிசலில் நிகழ்ந்திருக்குமா என்பது நமக்கு ஐயமே. பேச நேரமும் உலவத் தோட்டமும் வேண்டும். பேசியதை அச்சேற்றவும் மேடையேற்றவும் நகரம் அருகிலேயே இருத்தலும் வேண்டும். பல்லாவரம் இரண்டையும் ஒருங்கே தந்தது. சென்னையிலிருந்து நூறு கல் தொலைவில் அடிகள் ஒதுங்கியிருந்தால் அவர் குரல் இத்துணை விரைவாய்ப் பரவியிராது. 1950இல் அவர் மறைந்தபின் அந்நூல்கள் சென்னைக்கே சென்று 1958இல் அவர் பெயரால் நூலகமாயின. உஸ்கான் கட்டிய பாலத்தின் இடத்தில் பிற்காலத்தில் எழுந்த பாலத்துக்கும் மறைமலையடிகள் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அன்றாடம் அதன்மேல் பேருந்தில் நசுங்கிச் செல்லும் நமக்கு இது நினைவில் வருவதில்லை.

அடுத்து வந்தவர் ஒரு மருத்துவர். டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து என்னும் அவர் பெயரே நம் செவிக்கு நெருக்கமாக ஒலிக்கிறது. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் அங்கு அவரிடம் மருத்துவம் பெற்றார். காசநோயைக் கொல்லும் மருந்து ஏதும் கண்டறியப்படாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு ஆகிய மூன்றே மருந்து. தாயகம் திரும்பிய சௌரிமுத்து 1928இல் தாம்பரத்துக்கு அருகே காட்டுவெளியில் நோயாளர் இல்லமொன்றைத் தொடங்கினார். 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் தொடர்வண்டி நிலையத்துக்கும் 'தாம்பரம் சானடோரியம்' என்றே பெயர் வழங்கலாயிற்று.

காசநோய் என்றால் தெருவே கதவடைத்துக்கொண்ட நாள்கள் அவை. வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் அஞ்சினர். அந்நோயின் பெயரைச் சுமந்த ஊரில் மக்கள் பின்னர் வீடு கட்டினர். 'எங்கள் வீடு சானடோரியத்தில்' என்று இயல்பாய்ச் சொல்லவும் பழகினர். 1990களில் எச்ஐவி தொற்றுக்கு ஆளானோரைத் தொடவும் மருத்துவமனைகள் தயங்கியபோது, அவர்களைச் சேர்த்துக்கொண்டு நாட்டின் பெரிய சிகிச்சை மையங்களுள் ஒன்றாக இதே மருத்துவமனை உயர்ந்தது. நகரம் தன் அச்சத்தை ஊருக்கு வெளியே அனுப்பியது. தாம்பரம் அதற்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தது. நற்செய்தியைப் படிக்கும் நாம் இதனைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

இத்தனைக்கும் உயிர்நாடியாய் அமைந்தது 1931ஆம் ஆண்டு. அவ்வாண்டு மே மாதம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சாரத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவில் மின்சாரத்தால் இயங்கிய முதற்பாதை அது. இருபத்தொன்பது கிலோமீட்டர், ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். எழுத்தரும் ஆசிரியரும் செவிலியரும் பூ விற்பவரும் 'சீசன் டிக்கெட்' என்னும் சிறு அட்டையின் துணையோடு நகரத்தில் உழைத்து ஊரில் உறங்கும் வாழ்வைத் தொடங்கினர். சிறு சம்பளக்காரர் கிணறும் முருங்கையும் உள்ள ஒரு துண்டு நிலத்தைத் தமதாக்கிக்கொள்ள முடிந்தது. மீட்டர் பாதையில் ஓடிய அவ்வண்டிகள் 2004இல் ஓய்வுபெற்றன. அவற்றின் மரப்பலகை இருக்கைகளில் எத்தனை செபமாலைகள் சொல்லி முடிக்கப்பட்டன என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. அடிகள் விட்டுவந்த அதே கல்லூரி, அவர் சென்ற திசையையே இருபத்தாறு ஆண்டுகள் கழித்துப் பின்பற்றியது! சேலையூர்க் காட்டில் முந்நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அதற்குக் கிடைத்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்சும் அவர் துணைவியார் ஆலிசும் அங்கு மரங்களை நட்டு வளர்த்தனர். 1938 டிசம்பரில் சுமார் 70 நாடுகளிலிருந்து வந்த சீர்திருத்தத் திருச்சபைகளின் பேராளர் அவ்வளாகத்தில் கூடினர். சீனத்தில் நடக்கவிருந்த மாநாடு அது. போர் மூண்டதால் இங்கு மாற்றப்பட்டது. உலகத் திருச்சபை வரலாற்று நூல்களில் 'தாம்பரம்' என்பது ஊர்ப்பெயராக அன்றி ஒரு மாநாட்டின் பெயராகவே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நல்லவற்றையே சொல்லிக்கொண்டு போவது வரலாறு ஆகாது. நகரம் இங்கு அனுப்பியவற்றுள் நாற்றமும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் முறையில் தோல் பதனிடும் தொழிலகம் ஒன்று பல்லாவரத்தை அடுத்து எழுந்தது. குரோம்பேட்டை என்னும் ஊருக்குப் பெயர் வந்தது அதனால்தான். தோலுக்கு நீர் வேண்டும். நீர் இங்கு இருந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட அத்தொழில் பல்லாவரம், நாகல்கேணி கிணறுகளை உவர்ப்பாக்கிவிட்டது. அனகாபுத்தூரில் நெசவாளர் நெய்த கட்டம் போட்ட துணிகள் ஒருகாலத்தில் கடல் கடந்து நைஜீரியா சென்றன. அந்த வாணிகம் நின்றபின் பல தறிகள் ஓய்ந்தன.

கிணறு கெட்டபின்னும் ஏரிகள் இருந்தன. பல்லாவரம் பெரிய ஏரி, செம்பாக்கம், சிட்லபாக்கம், சேலையூர் என்று ஊருக்கு ஓர் ஏரி. காடுகழனிகளுக்குப் பாய்ந்த இந்நீரே இவ்வூர்களை ஊர்களாக்கியது. மனைகள் பெருகியபோது வயல் முதலில் மறைந்தது. வயலில்லாத ஏரியைக் காப்பார் இல்லாமற் போயினர். பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே சாலை ஒன்று கிழித்துச் சென்றது. கரையில் குப்பை மலையாய்க் குவிந்தது. தூய காற்றையும் நல்ல நீரையும் தேடி இங்கு வந்தவர் நாம். வந்தபின் அவற்றைத் தொலைத்தவரும் நாமே. பட்டா வாங்கியபோது அது எந்த ஏரியின் நீர்ப்போக்கு என்று நம்மில் யார் கேட்டோம்?

2015 டிசம்பர் 1 காலை தொடங்கி மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மிதந்தன. முதல் மாடியில் ஒதுங்கி, கீழே தம் வாழ்நாள் சேமிப்பெல்லாம் மூழ்கக் கண்டோர் பலர். தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்தது என்று முதியோர் சொன்னார்கள். அவர்கள் அவ்வழியைக் கண்ணால் பார்த்தவர்கள்.

2002இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவானபோது புனித தோமையார் மலை அதன்பாற்பட்டது. இவ்வட்டாரத்துக்கென ஒரு தனிமுகம் உண்டு என்பதைத் திருச்சபை அரசுக்கு முன்னரே கண்டுகொண்டது போலும். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பெற்றுத் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஊர் தானே நகரமாயிற்று. வரி ஏறியது, பெயர்ப்பலகை மாறியது. பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தை மட்டும் பழையபடி கூடுகிறது. ஆட்டுக்குட்டி முதல் உடைந்த நாற்காலி வரை அங்கு விலை பேசலாம்.

இப்போது இளந்தம்பதியர் வீடு தேடி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் பக்கம் போகின்றனர். தென்மாவட்டப் பேருந்துகளுக்கான நிலையமும் 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் திறக்கப்பட்டுவிட்டது. மனை விற்போர் முன்பு சென்னையிலிருந்து தொலைவைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். இன்று தாம்பரத்திலிருந்து சொல்கிறார்கள். கூடுவாஞ்சேரியில் நந்திவரம் ஏரி இன்னும் இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் அவ்வழியே செல்கையில் வண்டியின் சன்னலிலிருந்து அதனைப் பார்த்தோம். கரையோரத்து நிலங்களில் வண்ணம் பூசிய எல்லைக் கற்கள் நடப்பட்டிருந்தன.