மியூனிக் 1972: ஒரு மெட்லி பந்தயமும் காலக் கணக்கின் எல்லையும்

ஆடவர் 400 மீட்டர் தனிநபர் மெட்லி, ஒலிம்பிக் பந்தயமாக முதன்முதலில் நடத்தப்பட்டது 1964ஆம் ஆண்டு டோக்கியோவில். ஒரே வீரர் நான்கு வகை நீச்சல்களையும் வகைக்கு 100 மீட்டர் வீதம் அடுத்தடுத்து நீந்துவதே தனிநபர் மெட்லி. இரு கைகளையும் ஒருசேர நீருக்கு மேலே வீசி நீந்தும் பட்டர்ஃபிளை முதலில் வரும். மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக், தவளையைப் போலக் கால்களை மடக்கி உதைக்கும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் ஆகியவை அதைத் தொடரும். இம்மூன்றும் அல்லாத ஒரு நீச்சலாகிய ஃப்ரீஸ்டைலோடு பந்தயம் முடியும். ஒவ்வொரு வீரருக்கும் கைவந்த நீச்சல் ஒன்றும் கைகொடுக்காத நீச்சல் ஒன்றும் இருப்பதால், முந்துவோரும் பின்தங்குவோரும் நூறு மீட்டருக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள், முடிவிலும் இடைவெளிகள் பெரிதாகவே அமையும். அப்படிப்பட்ட பந்தயத்தில்தான் ஒலிம்பிக் நீச்சல் வரலாற்றின் மிகக் குறுகிய தங்க வெற்றி பதிவானது என்பதும், அதன் விளைவாக நீச்சல் உலகம் தன் கடிகாரத்துக்கே வரம்பு கட்டியது என்பதும் தனித்து ஆராயத்தக்கவை.

இதன் வேர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் உள்ளது. ஆடவர் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஏறத்தாழ ஒரே கணத்தில் சுவரைத் தொட்டனர். டெவிட்டுக்கு நேரம் குறித்த மூவரின் நிறுத்துக்கடிகாரங்களும் 55.2 விநாடி காட்ட, லார்சனுக்கு 55.0, 55.1, 55.1 என்று பதிவாகியிருந்தது. ஆனால் அக்கால விதிப்படி இடங்களைத் தீர்மானிப்பவர்கள் கரையில் நின்று கண்ணால் பார்க்கும் நடுவர்களே. அவர்கள் இரு கூறாகப் பிரிந்துவிட, தலைமை நடுவர் டெவிட்டுக்குத் தங்கத்தை அளித்தார், லார்சனின் நேரமும் 55.2 எனத் திருத்தி எழுதப்பட்டது. பார்வையின் பிழைக்கு ஒரு வீரரின் நேரத்தையே பலியிட்ட இந்தத் தீர்ப்பு, மனிதக் கண்ணின் இடத்தில் கருவியை வைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுச் சேர்த்தது. வீரரின் கை பட்டதும் கடிகாரத்தைத் தானே நிறுத்தும் தொடுபலகை, 1967இல் வினிபெக் பான் அமெரிக்கப் போட்டியிலும் அடுத்த ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கிலும் நீச்சல் குளச் சுவர்களில் பொருத்தப்பட்டது.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் மெட்லி இறுதிக்குள் வந்தபோது உலக சாதனை அமெரிக்காவின் கேரி ஹாலிடம் இருந்தது. தொடக்க நீச்சல்களில் அவர் மற்றவர்களை வெகுவாக விட்டு விலகிச் சென்றார். ஆனால் அந்த வேகத்துக்கான விலையைப் பிற்பாதியில் கொடுக்க நேர்ந்து, ஐந்தாம் இடத்துக்குச் சரிந்தார். எஞ்சிய போராட்டம் சுவீடனின் குன்னர் லார்சனுக்கும் அமெரிக்காவின் டிம் மெக்கீக்கும் இடையே நடந்தது. இருவரும் சுவரைத் தொட்டபோது அறிவிப்புப் பலகையில் இரு பெயர்களுக்கும் எதிரே 4:31.98 என்ற ஒரே எண் தோன்றியது. கருவியோ நூறில் ஒரு பங்கையும் கடந்து, விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கு வைத்திருந்தது. அதிகாரிகள் சில நிமிடங்கள் ஆராய்ந்த பின் லார்சன் 4:31.981, மெக்கீ 4:31.983 என்று அறிவிக்கப்பட்டது. 0.002 விநாடி தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தது.

அந்த இடைவெளியைத் தூரமாக மாற்றிப் பார்த்தால்தான் அதன் அளவு புலப்படும். 400 மீட்டரை ஏறத்தாழ 272 விநாடியில் கடந்தவர்களின் சராசரி வேகம் விநாடிக்கு 1.47 மீட்டர், ஆகவே 0.002 விநாடி என்பது சுமார் 3 மில்லிமீட்டர், அதாவது ஓர் அரிசி மணியின் பாதி நீளம். நூலிழையில் வென்றார் என்று விளையாட்டுச் செய்திகளில் உருவகமாக எழுதப்படுவது இங்கே ஏறக்குறைய உண்மை அளவாகவே ஆகிவிடுகிறது. கடிகாரம் இம்மி பிசகாமல் கணக்கிட்டது என்பதில் ஐயமில்லை; ஐயம் குளத்தைப் பற்றியது. சிமெண்டும் ஓடும் கொண்டு கட்டப்படும் சுவர் எங்கும் ஒரே நேர்க்கோட்டில் நிற்பதில்லை. இன்றைய சர்வதேச விதிகளே 50 மீட்டர் குளத்தின் நீளம் 3 சென்டிமீட்டர் வரை கூடுதலாக இருப்பதை அனுமதிக்கின்றன. எட்டு முறை குளத்தைக் கடக்கும் இப்பந்தயத்தில், அனுமதிக்கப்பட்ட அந்தப் பிழை ஒரு தடத்தில் முழுமையாக இருந்து மற்றொன்றில் இல்லாமற்போனால், இரு வீரர்கள் நீந்தும் தூரத்தில் 24 சென்டிமீட்டர் வரை வேறுபாடு வரலாம். சென்டிமீட்டர் கணக்கில் மட்டுமே நம்பத்தக்க ஒரு களத்தில், மில்லிமீட்டர் கணக்கில் வெற்றியைத் தீர்மானித்தது அளவியல் நோக்கில் பிழையே. லார்சன் அதே போட்டியில் 200 மீட்டர் மெட்லியையும் மெக்கீயை இரண்டாமிடத்துக்குத் தள்ளி வென்றவர் என்பதால் அவருடைய திறமை கேள்விக்கு அப்பாற்பட்டது. ஆனால் 400 மீட்டரில் அவர் மெக்கீயைவிட வேகமாக நீந்தினார் என்று சொல்ல அந்தக் குளம் போதிய சான்றாகாது.

இன்று வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் எனப்படும் ஃபினா, இதன் பின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கைவிட்டு, நூறில் ஒரு பங்கு வரை நேரம் ஒத்திருந்தால் இருவருக்கும் ஒரே இடம் என்று விதித்தது. கருவியால் இயலும் துல்லியத்தை வேண்டுமென்றே பயன்படுத்தாமல் விடுவது என்ற இம்முடிவு, தொழில்நுட்பம் வளர வளர அளவும் நுணுகிக்கொண்டே போகும் விளையாட்டு உலகில் அரிதான ஒன்று. குளத்தின் இயல்பை உணர்ந்து எடுக்கப்பட்ட நேர்மையான முடிவும்கூட. நூறில் ஒரு பங்கும் மெட்லி வேகத்தில் ஒன்றரை சென்டிமீட்டர்தான் என்பதால் குளத்தின் பிழை முற்றிலும் நீங்கிவிடவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

புதிய விதியின் முதல் பெரும் பலன் 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் தெரிந்தது. மகளிர் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 55.92 விநாடியில் முடித்த கேரி ஸ்டைன்சைஃபர், நான்சி ஹாக்ஸ்ஹெட் இருவருக்கும் தங்கம் வழங்கப்பட்டது. 2016 ரியோவில் ஆடவர் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸ், சாட் லே க்ளோஸ், லாஸ்லோ செஹ் மூவரும் 51.14 விநாடியில் சுவரைத் தொட்டு, மூவரும் வெள்ளி பெற்றனர். 400 மீட்டர் மெட்லியோ இப்போது வேறு வேகத்துக்குச் சென்றுவிட்டது. 2023இல் ஃபுகுவோகாவில் பிரான்சின் லியோன் மார்ஷான் 4:02.50 என உலக சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 5.67 விநாடி முன்னிலையில் வென்றார்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆடவர் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கத்தை 21.98 விநாடியில் இருவர் பகிர்ந்தனர். ஒருவர் ஆண்டனி எர்வின். மற்றவர் கேரி ஹால் ஜூனியர், மியூனிக் இறுதியில் முன்னே சென்று ஐந்தாமிடத்துக்குச் சரிந்த அதே கேரி ஹாலின் மகன். தந்தை நீந்திய பந்தயத்திலிருந்து பிறந்த விதி, 28 ஆண்டுகளுக்குப் பின் மகனுக்குத் தங்கம் தந்தது. மெக்கீ 1976 மாண்ட்ரியலில் அதே 400 மீட்டர் மெட்லியில் மீண்டும் வெள்ளி பெற்றார். அவருடைய மூன்று ஒலிம்பிக் பதக்கங்களும் வெள்ளியே. புதிய விதி பின்னோக்கிச் செயல்படவில்லை என்பதால், மியூனிக் முடிவு திருத்தப்படாமல் 4:31.981, 4:31.983 என்றே இன்றும் ஒலிம்பிக் பதிவேட்டில் நிற்கிறது.