மறிச்சுக்கட்டிக் கரையில் விழுங்கிய கண்ணீர்

கசுவோ இஷிகுரோவின் 'தி ரிமெய்ன்ஸ் ஒஃப் த டே' (1989) நாவலில் வரும் ஸ்டீவன்ஸை வாசகர்கள் பலர் அறிந்திருப்பர். மாடியறையில் பெற்ற தந்தை உயிர் விடுகிறார். கீழே மகன் பிரபுவின் விருந்தினருக்கு மது பரிமாறிக் கொண்டிருக்கிறான். கலங்காமல் நின்று கடமையைச் செய்வதே கண்ணியம் என்பது அந்தப் பணியாளரின் வேதம். அந்நாவலைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் போவது இங்கிலாந்து மாளிகைக்கு அன்று. மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டிக் கடற்கரைக்கு.

1906ஆம் ஆண்டு முத்துச் சலாபத்தின்போது அங்கே பணிக்கு அனுப்பப்பட்டவர் லெனார்ட் வூல்ஃப். வயது 25. யாழ்ப்பாணக் கச்சேரியில் பயிலுநராக இருந்தவர். பின்னாளில் வர்ஜீனியா வூல்ஃபின் கணவர். வெறும் மணற்கரையில் சில வாரங்களுக்கு ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும். அரபிகளும் தமிழரும் சோனகரும் பாரில் மூழ்கி எடுத்த சிப்பிகளைக் கொட்டில் மூன்று குவியலாகப் பிரிப்பர். ஒன்றே முக்குளித்தவருக்கு உரியது. முத்தெடுக்கச் சிப்பியை அழுகவிட வேண்டும்; ஆகவே கரையெங்கும் நாற்றமும் ஈயும். அதற்கிடையே இரவு பகலாக ஒழுங்கு காத்து நின்றார் அந்த இளைஞர்.

வெளியே இறுகிய முகமுள்ள அதிகாரி, உள்ளே வேறொருவர். நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சிக்கு இலங்கையிலிருந்து அவர் எழுதிய கடிதங்களில் தனிமையும் கசப்பும் நிரம்பியுள்ளன. அலுவலகத்தில் அவற்றின் நிழல்கூட விழவில்லை.

முத்துக்குளிப்பைக் களமாக்கி அவர் எழுதிய 'பேர்ள்ஸ் அன்ட் ஸ்வைன்' என்னும் சிறுகதை 1921இல் நூலாக்கம் பெற்றது. அதில் இரண்டு மரணங்கள். வெள்ளைக்காரன் ஒருவன் குடிவெறியில் பிதற்றி, அலறி மடிகிறான். அரபு முக்குளிப்போன் ஒருவனின் உடலையோ, அவனுடைய தோழர்கள் அமைதியாகக் கரைக்குக் கொண்டு வருகின்றனர். ஆளவந்தவனிடம் இல்லாத கண்ணியம் ஆளப்பட்டவனிடம் இருந்தது.

ஸ்டீவன்ஸ் தன் வாழ்வின் அந்தியில்தான் இழந்ததை உணர்கிறார். வூல்ஃப் ஏழாண்டுப் பணியின் பின் 1911இல் விடுமுறையில் தாயகம் சென்று, மறுவருடம் பதவி துறந்தார். அடக்கி வைத்தவை 1913இல் அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்தைப் பற்றிய நாவலாயின. அவருக்குப் பேனா இருந்தது. சிப்பிக்கூடையுடன் கரையேறிய மனிதருக்கு அது இல்லை. அவர்கள் விழுங்கிய துயரத்தை அவர்கள் வாய்மொழியாக நாம் இன்றுவரை கேட்டதில்லை.

இதை எழுதும் எனக்கும் ஒரு கடன் உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மறிச்சுக்கட்டி மக்களும் ஊரை விட்டுப் புத்தளம் பக்கம் போயினர். அப்போது நான் பத்திரிகைக்குப் புதியவன். செய்தியில் உணர்ச்சி கலக்கக் கூடாது என்று கற்பிக்கப்பட்டிருந்தேன். கிடைத்த தகவலை ஒன்பது வரிகளில், ஓர் அடைமொழியும் இன்றி எழுதிக் கொடுத்தேன். பிழை இல்லாத செய்தி என்று பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

போர் 2009இல் முடிந்த பின்னரே அம்மக்கள் மீளக் குடியேறத் தொடங்கினர். நான் அங்கு சென்றபோது முதியவர் ஒருவர் தேநீர் தந்து உபசரித்தார். இருபது ஆண்டுகளைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. “தம்பி, வெயிலுக்குள்ள வந்திருக்கிறீங்க, முதல்ல குடியுங்க” என்றார். அந்த ஒன்பது வரிகளை எழுதியவன் நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.