பெருஞ்சுடுமண் சிற்பக் களிமண்

ஆளுயரத்துக்கும் அதற்கு மேலும் நிற்கும் சுடுமண் சிற்பங்களை வனைவதற்காக மணல், உமி, நறுக்கிய வைக்கோல், இடித்த ஓட்டுத்தூள் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசையப்படும் சொரசொரப்பான களிமண். சட்டி, குடம் வனையும் நைசான மண்ணில் பெரிய உருவம் நிலைக்காது. இலங்கையின் மன்னார்ப் பெருநிலத்தில் இக்கலவைக்குரிய மூலப்பொருள்கள் அருகருகே கிடைக்கின்றன.

கலவையின் பயன்

ஈரம் வற்றும்போது களிமண் சுருங்கும். தடித்த சுவரில் மேற்புறம் முதலில் சுருங்கிவிட, உள்ளே ஈரம் தங்குவதால் வெடிப்பு விழும். அந்த ஈரத்தோடு சூளையில் வைத்தால் நீராவி சுவரைப் பிளந்துவிடும். மணலும் ஓட்டுத்தூளும் சுருங்குவதில்லை. சுருக்கத்தைக் குறைத்து, ஈரம் வெளியேறவும் வழிவிடுகின்றன. உமியும் வைக்கோலும் பச்சைமண்ணைப் பிடித்து நிறுத்தும். சுடும்போது எரிந்து நுண்துளைகளை விட்டுச்செல்லும். மணலிலுள்ள குவார்ட்ஸ் 573 பாகை செல்சியஸில் சட்டென்று விரியும். ஆதலால் மணல் மிகுந்த உருவத்துக்கு நெருப்பை மெல்ல ஏற்ற வேண்டும். முன்பே சுடப்பட்ட ஓட்டுத்தூளில் இந்த அபாயம் குறைவு.

மன்னாரின் மண்

மன்னார்த் தீவு பெரும்பாலும் மணல். களிமண் பெருநிலத்தில், முருங்கன் பகுதியில் இருக்கிறது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கு மண் போனதும் முருங்கனிலிருந்துதான். மழைக்காலத்தில் காலில் அப்பிக்கொள்ளும் இந்தக் கருமண், கோடையில் ஆழமாக வெடித்துக் கிடக்கும். மொன்மொரிலோனைட் என்ற கனிமம் மிகுந்திருப்பதே காரணம். வயலே இப்படி வெடிக்கும்போது, அம்மண்ணில் மட்டும் வனைந்த சிலை தப்பாது. மணல், ஓட்டுத்தூள் போன்ற பருபருப்பான பொருள்களைத் தாராளமாகச் சேர்த்தாக வேண்டும்.

கடற்கரை மணல் அதற்கு ஏற்றதன்று. அதிலுள்ள சிப்பித் துண்டுகள் சூளையில் சுட்ட சுண்ணாம்பாகி, பின்னர் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, சிலையின் மேற்பரப்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும். உப்பு வெண்மையாகப் பூத்து மேற்பரப்பை அரிக்கும். சுண்ணக்கல் துகள் கலந்த களிமண்ணுக்கும் இதே கதி என்பதால் மண்ணைச் சலித்தெடுப்பது அவசியம். அருவி ஆற்றின் மணலே பொருத்தமானது.

மரபு

மன்னாருக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டையொட்டிய பொம்பரிப்பில் ஆதி இரும்புக்கால ஈமத்தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் 2016இல் மன்னார் மாவட்டத்தின் கட்டுக்கரையில் தொடங்கிய அகழ்வாய்வில் மட்பாண்டங்களோடு சுடுமண் உருவங்களும் கிடைத்தன.

பெருஞ்சிற்பக் கலை முழுமையாக வளர்ந்த இடம் தமிழ்நாடு. புதுக்கோட்டை மாவட்டத்தின் நமுணசமுத்திரம் ஐயனார் கோயில் வழிநெடுக நேர்த்திக்கடன் மண்குதிரைகள் அணிவகுத்து நிற்கின்றன. அவற்றை வனையும் வேளார் எனப்படும் குயவர்கள் முதலில் நான்கு கால்களையும் உட்கூடான உருளைகளாக எழுப்புவார்கள். அவை பாரம் தாங்குமளவு இறுகிய பிறகே வயிற்றுப் பகுதியைத் திரித்த மண்ணால் சுற்றுச்சுற்றாக வளர்ப்பார்கள். கழுத்தும் தலையும் அதன்பின். எந்தப் பகுதியும் உள்ளே மண் நிறைந்த கட்டியாக இராது. சுவர் ஒரே தடிப்பில் ஓடும். பெரிய குதிரையை நகர்த்த முடியாததால் நின்ற இடத்திலேயே அதைச் சுற்றி எரிபொருள் அடுக்கிச் சுடுவதுண்டு.

இந்த முறையைக் கட்டடத்துக்கே கொண்டுசென்றவர் ரே மீக்கர். 1971இல் டெபோரா ஸ்மித்துடன் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்கலைக்கூடத்தைத் தொடங்கிய இவர், 1980களில் பச்சை மண்கல்லால் கட்டிய வீடுகளை உள்ளேயே நெருப்பிட்டுச் சுட்டார்.

சோதனை

எந்த மண்ணையும் வனையுமுன் சோதிப்பது நல்லது. பிசைந்த மண்ணில் ஒரு பட்டை செய்து, 10 செ.மீ. இடைவெளியில் இரு கோடு கீற வேண்டும். காய்ந்து சுட்டபின் இடைவெளி 9 செ.மீ. ஆனால் சுருக்கம் 10 விழுக்காடு. பெரிய உருவத்துக்கு அது அதிகம். ஓட்டுத்தூளைக் கூட்டி மீண்டும் சோதிக்க வேண்டும்.

முருங்கன் களிமண், அருவி ஆற்று மணல், வயல் உமி, உடைந்த ஓடு ஆகிய நான்கும் மன்னார் மாவட்டத்துக்குள்ளேயே கிடைப்பவை. இம்மண்ணில் பெருஞ்சிற்பம் எழுப்ப வேண்டியது பொறுமையான கலவையும் மெதுவான உலர்த்தலுமே.