சீரணம்

வடமொழியில் 'ஜீர்ண' என்னும் சொல்லுக்குத் தேய்ந்தது, நைந்தது, பழமையுற்றது என்பன பொருள். சிதிலமான ஆலயத்தைப் புதுப்பிக்கும் திருப்பணியை ஜீர்ணோத்தாரணம் என்பதும், உண்ட அன்னம் தன் உருவழிந்து உடலோடு கலப்பதைச் சீரணம் என்பதும் அவ்வொரு வேரிலிருந்தே கிளைத்தவை. அச்செயலைத் தமிழ் 'செரித்தல்' என்கிறது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் 'அறுதல்' என்றார். பேச்சு வழக்கில் அது 'செமிப்பது'.

திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் சாலையிலுள்ள ஆலங்குளத்தில், கடலைப்பிண்ணாக்கை உடைத்து முகர்ந்து பார்க்கும் குடியானவர் அதில் பூசணம் பற்றியதா என்பதை அறிந்துவிடுவார். அதன் புரதத்தில் எவ்வளவு சீரணமாகி, அதைத் தின்னும் விலங்கின் உடலிற் சேரும் என்பதை மூக்கு அறியாது. பால் மறந்த பன்றிக்குட்டியின் இரைப்பையில் அமிலம் குறைவாதலின், பாலின் புரதமும் நல்ல மீன்தூளின் புரதமும் அதற்கு எளிதிற் செரிக்க, சூட்டிற் பக்குவப்படாத சோயாவோ, டிரிப்சின் என்னும் நொதியைத் தடுக்கும் பொருளைத் தன்னகத்தே உடைமையால், செரியாது நின்று வயிற்றோட்டத்துக்கு இடமளிக்கும். ஆகவேதான் அறிஞர், புரதம் எவ்வளவு செரித்தது என்பதை அறிய, பெருங்குடலின் நுண்ணுயிர்கள் கணக்கைக் குழப்புமுன், சிறுகுடலின் இறுதியிலேயே எஞ்சிய அமினோ அமிலங்களை அளக்கின்றனர்.

பழைய உருவம் முற்றும் நைந்தாலன்றிப் புதிய உடல் எழாது என்னும் உண்மையை, ஆலயத்துக்கும் குட்டியின் வயிற்றுக்கும் பொதுவாக நின்று, இச்சொல் நமக்கு உணர்த்துகிறது.