மணவிலக்கு ஏடுகள் தங்கிய இடங்கள்

ஆர்.கே.புரம் என்று நாம் சுருக்கி வழங்கும் இராமகிருஷ்ணபுரம், 1950-களின் பிற்பகுதியிலிருந்து மத்திய அரசு ஊழியர்க்கென எழுந்த குடியிருப்பு. ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு நியமன உத்தரவுமாக வந்திறங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே இரண்டு, மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்டன. ஏழாவது செக்டரின் குன்றின்மீது சுவாமிநாதசுவாமிக்குக் கோயில் எழுந்து 1973-இல் குடமுழுக்குக் கண்டது. தமிழ்ச் சங்கமும் தமிழ்ப் பள்ளியும் இப்பகுதியிலேயே இடங்கொண்டன.

அந்தத் தகரப் பெட்டியை இன்று திறந்து பார்ப்போமாயின், நியமன உத்தரவு இருக்கும். குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக் கடிதம் இருக்கும். பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல்களும் மடிப்புக் கலையாமல் இருக்கும். ஆனால், ஊரில் மணமுடித்துக் கொடுத்த மகள் அம்மணவாழ்க்கை முறிந்து, தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ ஒரு நீதிமன்றத்தில் விடுதலை பெற்றுத் திரும்பினாள் என்பதைச் சொல்லும் காகிதம் மட்டும் பல வேளைகளில் இராது. நாணத்தால் எங்கோ மறைத்து வைத்ததும் உண்டு. வீடு மாறுகையில் தொலைந்ததும் உண்டு. ‘இனி அது எதற்கு?’ என்று தந்தையே கிழித்தெறிந்ததும் உண்டு.

எதற்கு என்பது தாயும் தந்தையும் மறைந்த பின்னர்த்தான் விளங்கும். மணவிலக்குப் பெற்ற மகளுக்கு 25 வயது கடந்த பின்னும் குடும்ப ஓய்வூதியம் பெறும் தகுதி உண்டு என மத்திய அரசு 2004-இல் ஆணையிட்டது. ஆயினும், பெற்றோர் இருக்கும்போதே மணவிலக்கு முடிந்திருக்க வேண்டும் என்றே அது நெடுநாள் கொள்ளப்பட்டது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடும் நாட்டில் இதனால் விளைந்த இன்னல் சிறிதன்று. 2017 ஜூலை 19-ஆம் நாள் ஆணை அதனைத் தளர்த்தியது: ஊழியரோ அவர்தம் துணையோ உயிருடனிருந்த காலத்தில் தகுதியுள்ள நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டிருந்தால், தீர்ப்பு அவர்கள் மறைந்த பின் வந்திருப்பினும், ஏனைய நிபந்தனைகள் நிறைவுற்றால், மகளுக்கு உரிமை உண்டு. ஆகவே, மனு அளிக்கப்பட்ட அந்த ஒரு நாளே ஒரு பெண்ணின் பிற்கால வாழ்வுக்குப் பற்றுக்கோடாகிவிடுகிறது. அந்நாளைச் சொல்லும் ஏடு எங்கே கிடக்கிறது என்று தேடப் புகுந்தால், நம் நாட்டு நீதிமன்றங்களின் வரலாற்றினுள்ளேயே புகுந்துவிடுகிறோம்.

முதற்கண் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். இந்தியாவில் மணவிலக்குகளுக்கென நாடு முழுமைக்குமான பொதுப் பதிவேடு கிடையாது. தீர்ப்பளித்த நீதிமன்றமே ஏட்டின் இருப்பிடம். பிரெஞ்சு நாட்டு வழக்கம் இதற்கு மாறானது; அங்கே மணவிலக்கு நிகழ்ந்தால், நகராட்சியிலுள்ள பழைய திருமணப் பதிவின் ஓரத்திலேயே அதனைக் குறித்துவிடுவர். புதுச்சேரியில் 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட தமிழ்க் குடும்பத்தினர் இம்முறையை நன்கறிவர். நமக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

மணவிலக்கு நம் மக்களுக்குப் புதியது என்று எண்ணுவோர் உளர், அது பிழை. தமிழகத்தில் பல சமூகங்களில் பஞ்சாயத்தார் முன்னிலையில் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்தது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் 29-ஆம் பிரிவில் அவ்வழக்கத்தைக் காத்தே வைத்தது. இடர்ப்பாடு யாதெனில், அதற்கு ஏடு அரிது. முத்திரைத்தாளில் எழுதிக் கைந்நாட்டு வைத்த பத்திரம் சில வீடுகளில் இருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருப்பின், நிலம் சாராத பத்திரமாதலால் நான்காம் புத்தகத்தில் ஏறியிருக்கும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அதன் நகல் எழுதிக்கொடுத்தவர்க்கும், அதன்வழி உரிமை கோருவோர்க்கும், அவர்தம் முகவர்க்கும், வாரிசுகள் போன்ற பிரதிநிதிகளுக்கும் மட்டுமே கிட்டும். இத்தகைய விலக்கை நம்புவோர், அவ்வழக்கம் தம் சமூகத்தில் உண்டென்பதை நீதிமன்றத்தில் எடுத்துரைத்து மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2002-இல் கூறியது. ஓய்வூதிய ஆணையோ நீதிமன்ற வழக்கைப் பற்றியே பேசுகிறது. பஞ்சாயத்துச் சீட்டை மட்டும் கையிற் கொண்டு செல்வோர் வெறுங்கையுடன் திரும்ப நேரலாம்.

நீதிமன்ற ஏடுகளுள் பழையவை கிறிஸ்தவர்களுடையவை. மதம் மாறியதால் துணையால் கைவிடப்பட்டோர்க்கென 1866-இல் ஒரு சட்டமும், கிறிஸ்தவ மணங்களுக்கென 1869-இல் இந்திய மணவிலக்குச் சட்டமும் வந்தன. பின்னதில் ஒரு விந்தையான விதி இருந்தது: மாவட்ட நீதிபதி அளித்த தீர்ப்பு, உயர் நீதிமன்றம் உறுதிசெய்த பின்னரே முழுமை பெறும். 2001-ஆம் ஆண்டுத் திருத்தமே இதனை அகற்றியது. ஆகவே, அதற்கு முன் மாவட்ட நீதிமன்றத்தில் முடிந்த கிறிஸ்தவ மணவிலக்கு ஒவ்வொன்றுக்கும் ஏடுகள் இரண்டு. ஒன்று மாவட்டத்தில், மற்றொன்று உயர் நீதிமன்றத்தில். ஒன்று அழிந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பது தேடுவோர்க்கு ஓர் ஆறுதல்.

தில்லியில் அந்த இரண்டாம் ஏடு எங்கே? இங்குதான் வரலாறு குறுக்கிடுகிறது. 1947 வரை தில்லி நீதிமன்றங்கள் லாகூர் உயர் நீதிமன்றத்துக்கு உட்பட்டிருந்தன. நாடு பிரிந்தபின் கிழக்குப் பஞ்சாபின் உயர் நீதிமன்றம் சிம்லாவில் அமைந்து, 1955-இல் சண்டிகருக்குப் பெயர்ந்தது. 1952 முதல் அதன் சுற்றமர்வு ஒன்று தில்லியில் நடந்தது. தில்லிக்கெனத் தனி உயர் நீதிமன்றம் 1966 அக்டோபர் 31-இல்தான் தோன்றியது. எனவே 1940-இல் தில்லியில் மணம் முறிந்த ஒரு சென்னைக் கிறிஸ்தவரின் உறுதித் தீர்ப்பு லாகூரிலே பிறந்தது. இன்று அது வேறு நாடு! பாட்டனாரின் முதல் மணத்தைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்க விழையும் பேரப்பிள்ளை எல்லைக் கோட்டின்முன் நிற்க நேர்வதை வேறெந்தத் துறையில் காண்போம்?

இந்துக்களைப் பொறுத்தவரை சென்னை, தில்லியை முந்தியது. பரோடா சமஸ்தானம் 1931-லும் பம்பாய் மாகாணம் 1947-லும் வழி காட்ட, சென்னை மாகாணம் 1949-இல் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கு இடமளிக்கும் சட்டத்தை இயற்றியது. தில்லியிலோ இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நாடாளுமன்றத்தில் அலைக்கழிந்தது. டாக்டர் அம்பேத்கர் 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1955 மே 18-ஆம் நாள்தான் இந்து திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனால் அந்த ஆறாண்டுக் காலத்தில் மணவிலக்குப் பெற்ற தமிழ் இந்துக் குடும்பத்தின் ஏட்டைத் தில்லியில் தேடுவது வீண். சென்னை மாகாணத்து நீதிமன்றத்திலேதான் தேட வேண்டும். கன்னியாகுமரிப் பகுதியினர்க்கு இன்னுமொரு முடிச்சு உண்டு: 1956 நவம்பர் முதல் நாள்வரை அப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தமையால், மேல்முறையீட்டு ஏடுகள் எர்ணாகுளத்தை நோக்கிச் சென்றன.

1955-க்குப் பிறகும் ‘எந்த ஊர் நீதிமன்றம்?’ என்ற வினா எளிதாகவில்லை. மணம் நிகழ்ந்த ஊர், எதிர்த்தரப்பார் வாழும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகிய எங்கும் வழக்குத் தொடுக்கலாம். மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே தொடுக்க 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. கும்பகோணத்தில் மணந்து, ஆர்.கே.புரத்தில் வாழ்ந்து, பிரிந்தபின் மதுரையில் தங்கிய பெண்ணின் ஏடு இம்மூன்றில் எங்கும் இருக்கலாம். குடும்பத்துப் பெரியவர்களைக் கேட்டு இதனை முதலில் உறுதிசெய்துகொள்ளாமல் அலைவது காசுக்கும் காலுக்கும் கேடு.

தில்லி எனத் தெளிந்தாலும், நீதிமன்றக் கட்டடங்களும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1958-இல் தீஸ் ஹசாரி திறக்கப்பட்டது. 1977-இல் பாட்டியாலா மாளிகை நீதிமன்றமாயிற்று. 2008-இல் துவாரகையிலும் 2010-இல் சாகேத்திலும் புதிய வளாகங்கள் எழுந்தன. குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-ஆம் ஆண்டினதாயினும், தில்லியில் அத்தகைய மன்றம் 2009-இல்தான் தொடங்கிற்று. வழக்கு நடந்த ஆண்டு தெரிந்தால்தான் எந்த வளாகத்தின் ஆவண அறையைக் கேட்பதென்பது புலப்படும். அங்கே போனால் மொழியும் மாறும். வழக்குக் கட்டு ‘மிசல்’. அதனைப் பேணும் எழுத்தர் ‘அஹல்மத்’. முடிந்த வழக்கு ஆவண அறைக்குச் செல்கையில் பெறும் எண் ‘கோஷ்வாரா எண்’. இந்த எண் கையிலிருந்தால் பாதி வேலை முடிந்தது. ‘நகல்’ என்னும் சொல் மட்டும் தில்லியிலும் தஞ்சையிலும் ஒன்றே. அரபு மொழியிலிருந்து வந்து இரு இடத்தும் குடியேறிவிட்டது.

தமிழகத்தில் கேட்கும்போது வழக்கின் வகையைச் சரியாகச் சொல்ல வேண்டும். இந்து மணவழக்குகள் ‘எச்.எம்.ஓ.பி.’ என்ற தனி வரிசையில் பதியப்படுவன. சாதாரண உரிமையியல் வழக்குப் பதிவேட்டைப் புரட்டினால் அகப்படா. மாவட்டங்கள் பிரிந்தமையும் கருதத்தக்கது: 1986-இல் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடியும், 1991-இல் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினமும் பிரிந்தன. பழைய ஏடு தாய் மாவட்டத்தில் தங்கிற்றா, புதிய மாவட்டத்துக்குச் சென்றதா என்று கேட்டறிய வேண்டும். காலம் தாழ்த்துவதும் நன்றன்று. பழைய ஏடுகளைக் கழிக்கும் விதிகளை வகுக்க 1917-ஆம் ஆண்டுச் சட்டம் உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் அளித்தது. தீர்ப்பும் டிக்ரியும் நெடுங்காலம் காக்கப்படுவன. சம்மன் முதலிய துணைத்தாள்கள் முன்னரே கழிக்கப்படுவன.

யார் கேட்கலாம்? வழக்கின் தரப்பினர்க்குத் தடையில்லை. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம், மணவிலக்கு டிக்ரியின் நகல் ஒன்றை இருதரப்பார்க்கும் கட்டணமின்றித் தர வேண்டுமென விதித்தது. தொலைந்தால் மறுநகலுக்குக் கட்டணம் செலுத்தி மனுச் செய்ய வேண்டும். அதே திருத்தம் இம்மணவழக்குகள் மூடிய அறையிலேயே நடைபெற வேண்டுமென்றும் ஆக்கியது. அதற்கு முன் ஒரு தரப்பார் வேண்டினாலோ நீதிமன்றம் தக்கதெனக் கருதினாலோதான் அவ்வாறு நடக்கும். பிறர் வாழ்வின் புண்ணை ஊரார் கிளறிப் பாராதிருக்க இது வேண்டியதே என்பது நம் கருத்து. ஆயினும் தங்கைக்காக ஊருக்குச் செல்லும் அண்ணன் இதனை அறிந்து செல்ல வேண்டும். உடன்பிறந்தான் என்பதால் மட்டும் ஏடு திறவாது. அவள் கையொப்பமிட்ட வக்காலத்துடன் வழக்கறிஞர் வழியாகக் கேட்பதே நேரான வழி.

வாங்கும்போது தீர்ப்புரை, டிக்ரி, மனு ஆகிய மூன்றுக்கும் நகல் கேட்பது தக்கது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் நாள் புதிய சட்டம் வந்துவிட்டதாயினும், சான்றிட்ட நகலின் மதிப்புக் குறையவில்லை. மணவிலக்குத் தீர்ப்பு அவ்விருவரை மட்டுமன்றி அனைவரையும் கட்டுப்படுத்தும் என்ற கொள்கையும் தொடர்கிறது. நிழற்படி எத்துணைத் தெளிவாயிருப்பினும் நீதிமன்ற முத்திரையின்றேல் அதற்கு அந்த வலிமை இல்லை.

தமிழகத்து நகலின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். நகல் மனு அளித்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், தாள் கொடுத்த நாள், நகல் ஆயத்தமான நாள், வழங்கிய நாள் என வரிசையாகப் பொறித்திருப்பார்கள். மேல்முறையீட்டுக் காலத்தைக் கணக்கிடுகையில் நகல் பெறச் சென்ற நாள்கள் கழிக்கப்படும் என்பதற்காக எழுந்த வழக்கம் அது. முன்பக்கம் டிக்ரியின் தலைப்பில், தரப்பினர் பெயர்களுக்கு அண்மையில், மனு அளிக்கப்பட்ட நாளும் அது கோப்பில் ஏற்கப்பட்ட நாளும் தனித்தனியே இருக்கும். ஓய்வூதிய அலுவலகத்துக்கு அனுப்பும்முன், முதலிற் சொன்ன நாளை அடிக்கோடிட்டு, தாய் தந்தையரின் இறப்புச் சான்றிதழ்களை அதனுடன் இணைத்து அனுப்பலாம்.