சடங்கிலிருந்து சான்றுக்கு: சுயமரியாதைத் திருமணச் சட்டம் வந்த வழி

தமிழ்நாட்டுக் குடும்ப நல நீதிமன்றங்களில் ஜீவனாம்சம், வாரிசுரிமை, இருதார மணம் என எந்த வழக்கு வந்தாலும் எதிர்த்தரப்பு முதலில் எழுப்பும் தடை, ‘திருமணமே நடக்கவில்லை’ என்பதுதான். சுயமரியாதைத் திருமணங்களில் இந்தத் தடை இன்னும் கூர்மையாக எழுகிறது. ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை, பல நேரங்களில் மண்டபமும் இல்லை. இத்தகைய மணத்தைச் சட்டம் எவ்வாறு நோக்கி வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. செல்லுபடி பற்றிய கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மெய்ப்பிப்பு பற்றிய கேள்விதான் இன்றைய சிக்கல் என்பது இதன் முடிபு.

சட்டத்துக்கு வெளியே நாற்பது ஆண்டுகள்

அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928ஆம் ஆண்டு பெரியார் தலைமையில் நடந்ததே முதல் சுயமரியாதைத் திருமணம் என்பது இயக்க வரலாறு. மறு ஆண்டு செங்கற்பட்டில் கூடிய மாகாண சுயமரியாதை மாநாடு திருமணச் சீர்திருத்தத்தையும் பெண்களின் சொத்துரிமையையும் வலியுறுத்தியது. மேடைகளில் மணங்கள் பெருகின. ஆனால் அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை.

இந்தக் குறை தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் வெளிப்பட்டது. 1934இல் புரோகிதர் இல்லாமல் நடந்த ஒரு திருமணம், சொத்துத் தகராறின் வழியே சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. ஹோமமும் சப்தபதியும் நடக்காததால் அது சாஸ்திரப்படி அமைந்த மணம் அன்று என்று 1953இல் நீதிமன்றம் கூறியது. வழக்காறு என்ற வாதமும் எடுபடவில்லை. வழக்காறு என்றால் நெடுங்காலம் தொடர்ந்திருக்க வேண்டும், சில ஆண்டுகளுக்கு முன் தோன்றிய முறைக்கு அந்தத் தகுதி கிடையாது. கொள்கைக்காகச் சடங்கை விட்டவர்கள், சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்களாக நின்றார்கள்.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் கைகொடுக்கவில்லை. அதன் 7ஆம் பிரிவு, மணமக்களில் ஒருவரது வழக்காற்றுச் சடங்குகளின்படியாவது திருமணம் நடக்க வேண்டும் என்கிறது. வழக்காற்றையே மறுத்த மணங்களுக்கு அதில் இடமில்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் திறந்திருந்தது; ஆனால் அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு தேவை. வீட்டார் எதிர்ப்பை மீறி மணப்பவர்களுக்கு அந்த முப்பது நாளே ஆபத்து.

1967இன் திருப்பம்

1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு அதே ஆண்டு 21ஆம் எண் சட்டமாக இந்து திருமண (சென்னைத் திருத்த) சட்டத்தைக் கொண்டுவந்தது. திருமணம் பொதுப்பட்டியலில் உள்ள பொருள் என்பதால், மத்தியச் சட்டத்திலிருந்து மாறுபடும் இத்திருத்தம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

புதிதாகச் சேர்ந்த 7-ஏ பிரிவு மிகச் சுருக்கமானது. உறவினர், நண்பர் அல்லது வேறு எவரேனும் முன்னிலையில், மணமக்கள் தமக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகச் சொல்லலாம்; அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம்; அல்லது தாலி கட்டலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். சில விலக்குகளுக்கு உட்பட்டு, அதற்கு முன் இம்முறையில் நடந்த மணங்களும் செல்லும் என்றது சட்டம். ஆகவே முந்தைய ஒரு தலைமுறையின் இல்வாழ்க்கையும் பிள்ளைகளின் உரிமையும் பின்னோக்கிக் காக்கப்பட்டன.

கேடயமும் வாளும்

இப்பிரிவு எவ்வளவு தூரம் எட்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2001இல் நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கில் காட்டியது. கணவர் திருத்தணியில் மறுமணம் செய்துகொண்டார் என்பது முதல் மனைவியின் புகார். மணத்தை நடத்திய புரோகிதரே சாட்சியம் அளித்தார்: மாலை மாற்றினார்கள், தாலி கட்டினார்கள், பெண்ணின் தந்தை கன்னிகாதானம் செய்தார். ஆனால் சப்தபதி இல்லை. அந்த ஒரு குறையைக் காட்டியே கீழமை நீதிமன்றம் கணவரை விடுவித்திருந்தது. 7-ஏ பிரிவின்படி அந்த மணம் முழுமையானது, ஆகவே இருதார மணக் குற்றம் நிற்கும் என்றது உச்ச நீதிமன்றம். சடங்கு மறுப்பாளர்களுக்காக வந்த பிரிவு, சடங்குக் குறையைச் சொல்லித் தப்ப முயன்றவரைப் பிடித்தது.

சாட்சி யார்?

அடுத்த தகராறு வழக்கறிஞர் அறைகளில் பிறந்தது. அங்கே இரகசியமாக நடக்கும் மணங்கள் செல்லாது என்று 2014இல் பாலகிருஷ்ண பாண்டியன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போலிச் சான்றிதழ்கள் பற்றிய கவலை அதில் இருந்தது, அக்கவலை நியாயமானதே. ஆனால் பிரிவு கேட்காத ‘பகிரங்கம்’ என்ற நிபந்தனையை அத்தீர்ப்பு சேர்த்துவிட்டது. இளவரசன் வழக்கில் 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டைத் தள்ளியது. குடும்ப எதிர்ப்புக்கு ஆளானவர்கள் ஊரறிய அறிவிக்க வேண்டும் என்றால் அது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை அது கருத்தில் கொண்டது. வழக்கறிஞர் தொழில்முறையில் அல்லாமல் நண்பராகவோ உறவினராகவோ சாட்சியாக நிற்கலாம் என்றும் தெளிவுபடுத்தியது.

இன்றைய நிலை

பதிவுச் சான்றிதழ் இருந்தால் மட்டும் போதுமா? சடங்கே நடக்காமல் பெற்ற சான்றிதழ் 7ஆம் பிரிவின் கீழ் மணத்தை உண்டாக்காது என்று 2024 ஏப்ரலில் டாலி ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தமிழ்நாட்டில் சடங்கின் இடத்தை 7-ஏ சொல்லும் செயல் நிரப்பும். ஆனால் அந்தச் செயல் நடந்ததை யாராவது நிரூபித்தாக வேண்டும். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் மணங்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. பதிவு மணத்தை உருவாக்காது. நடந்த மணத்துக்கு வலுவான ஆவணமாகும்.

இந்து அல்லாத ஒருவரை மணப்பவர்களுக்கு 7-ஏ உதவாது. அவர்கள் இன்றும் முப்பது நாள் அறிவிப்பைத் தாண்டியே வர வேண்டும். இது சட்டமன்றமும் நாடாளுமன்றமும் தீர்க்க வேண்டிய குறை. இந்துக்களுக்குள் நடக்கும் மணத்தைப் பொறுத்தவரை தீர்வு எளிது: பின்னாளில் நீதிமன்றம் வந்து பேசக்கூடிய இரண்டு சாட்சிகள், ஒரு புகைப்படம், காலத்தோடு செய்த பதிவு. சட்டம் சடங்கைக் கைவிட்டிருக்கிறது, சான்றைக் கைவிடவில்லை.