ஜின்சு ஆற்று வயல்களின் காட்மியக் கண்காணிப்பு

ஜப்பானின் தொயாமா மாநிலத்தில் ஜின்சு ஆற்றுப் பாசன வயல்களில் படிந்த காட்மியத்தை அளந்து, அந்நிலங்களை மீட்டெடுத்த நெடும்பணி. வேளாண் நிலத்தின் மாசைச் சட்டப்படி கண்காணிக்கும் வழக்கம் அந்நாட்டில் ஏற்பட இவ்வயல்களின் துயரம் பெரிதும் காரணமாயிற்று.

ஆற்றின் மேற்பகுதியில் இருந்த கமியோகா சுரங்கத்தில் மிட்சுயி நிறுவனம் துத்தநாகமும் ஈயமும் எடுத்துவந்தது. துத்தநாகத் தாதுவில் காட்மியமும் கலந்திருக்கும். தாதுவை மாவாக அரைத்துப் பிரிக்கத் தொடங்கியபின் கழிவும் நுண்துகளாகி ஆற்றில் கலந்து, வாய்க்கால் வழியே வயலில் இறங்கியது. வண்டல் முதலில் படியும் வாய்மடையருகே மாசு மிகுதி; மடையிலிருந்து விலக விலகக் குறைவு.

அவ்வயல்களில் விளைந்த அரிசியையே ஆண்டுக்கணக்கில் உண்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி எலும்பு மெலிந்தது. இருமினாலே விலா எலும்பு முறிந்தது. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் பல பிள்ளைகள் பெற்ற பெண்கள். வலி தாங்காமல் அவர்கள் அரற்றிய 'இத்தாய், இத்தாய்' என்பதே நோயின் பெயராயிற்று. உள்ளூர் மருத்துவர் நொபொரு ஹகினோ சுரங்கக் கழிவையே சந்தேகித்தார். ஒகயாமா பல்கலைக்கழகத்தின் ஜுன் கோபயாஷி செய்த பகுப்பாய்வுகள் துணைநிற்க, 1961-இல் காட்மியமே காரணம் என்று அறிவித்தார். அரசு அதை ஏற்க 1968 மே வரை ஆயிற்று.

1970 டிசம்பரில் வேளாண் நில மண்மாசுத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அது மண்ணைவிட நெல்மணியை அளவுகோலாக்கியது: தீட்டாத அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராமோ அதற்கு மேலோ காட்மியம் இருந்தால் நிலம் மாசுற்றதாக அன்று கொள்ளப்பட்டது. இது ஆழ்ந்து யோசித்த முடிவு. வயலில் நீர் தேங்கி நிற்கும்வரை காட்மியம் கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கும். கதிர் வரும் பருவத்தில் நீரை வடித்தால் விடுபட்டு வேருக்குள் ஏறும். ஆகவே மண்ணில் உள்ள அளவை மட்டும் கொண்டு அரிசியின் நிலையைக் கணிக்க முடியாது. நீரைத் தேக்கியே வைத்தாலும் தொல்லைதான், அப்போது ஆர்செனிக் எழும்பும்.

சுமார் 1,500 ஹெக்டேர் மாசுற்ற நிலமாக அறிவிக்கப்பட்டது. மேல்மண்ணைத் தோண்டி அடியில் புதைத்து, அதன்மேல் தூய மண்ணைப் பரப்பினார்கள். 2012-இல் பணி முடிந்தபோது 863 ஹெக்டேர் மீண்டிருந்தது. எஞ்சியதில் பெரும்பகுதி வேறு பயன்பாட்டுக்குப் போய்விட்டது. செலவு 4,000 கோடி யென்னுக்கு மேல். இதற்கிடையே, 2011-இல் அரிசிக்கான உணவு வரம்பும் 0.4 மில்லிகிராமாக இறுக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் முதலிடம் தரவேண்டியது 1972 ஆகஸ்ட் மாதத்துக்கு. மிட்சுயி நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டிலும் வென்ற மக்கள் மறுநாளே தோக்கியோவில் அந்நிறுவனத்தின் தலைமையகத்துக்குச் சென்று ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினர். அதன்படி அவர்கள் வேண்டும்போதெல்லாம் வல்லுநர்களோடு சுரங்க வளாகத்துக்குள் நுழைந்து சோதிக்கலாம், செலவு நிறுவனத்துடையது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் விவசாயிகள் உள்ளே சென்று வடிகால்களையும் கழிவுத் தேக்கங்களையும் பார்வையிட்டு வந்தனர். ஆற்றுநீரின் காட்மியம் இயற்கை அளவுக்கு இறங்கியது. மீட்ட மண் மறுபடி கெடாமல் காத்ததில் சட்டத்தைவிட இந்த நுழைவுரிமைக்கே பங்கு அதிகம்.